கீரைப் புழுவும் ஒரு போத்தல் பாலும்

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் புழு பொறுக்குவது. அத்தை பார்த்துக் கொடுத்த வேலை. அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எங்கள் செம்பனைத் தோட்டத்தில் யாருக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ சொல்லலாம். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அதனால் எங்கள் வீட்டில் பிறந்ததற்கும் இனிமேல் பிறக்கப்போவதற்கும் தானே வேலை வாங்கும் மண்டோர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறக்கப்போவது ஒன்று இருந்தது. அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை. நடுவில் ஒன்று தங்காமல் போனது என்று பெரியவர்கள் குசுகுசுத்தது என் காதிலும் விழுந்திருந்தது. ஆகவே இது தங்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். அத்தை தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா தண்ணி போடுவதை விட்டார். கோலசிலாங்கூர் பக்கம் எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் எங்கள் வீட்டுக்குத் திருநீறு வந்துவிடும்.

இதற்கு மேல் அத்தை ஒரு சட்டம் போட்டாள். "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு ஒரு உசுரையும் கொல்லக்கூடாது. பொண்டாட்டியும் கூடாது, புருசனும் கூடாது."

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். செம்பனைக் காட்டில் பாம்பைக் கண்டால் பாராங் கத்தியை ஓங்குகிற கை அது. அந்த மனிதர் பாம்புக்குக் கும்பிடு போட்டு, "போயிடு சாமி, நானும் போயிடுறேன்" என்று வழிவிட ஆரம்பித்தார். கொசு கடித்தால் அடிக்காமல் துண்டால் விசிறினார். கோழிக் கறி வேண்டுமென்றால் கடைசி வீட்டு மாமாதான் வந்து அறுக்க வேண்டும். கரப்பான் பூச்சி வந்தால் அம்மா பலகைச் சுவரைத் தட்டுவாள். அத்தை செருப்போடு வந்து சேருவாள். ஒரே போடு. "எம் பாவம் எனக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாள். எனக்கு ஒரே சிரிப்பு.

ஆனால் கீரைப் பாத்தி என்று ஒன்று இருந்ததே, அங்கேதான் அத்தையின் சட்டத்துக்குச் சோதனை வந்தது.

லயத்துக்குப் பின்னால், சாக்கடைக்கும் செம்பனையின் முதல் வரிசைக்கும் நடுவில் கிடந்த துண்டு நிலத்தில் அம்மா தோட்டம் போட்டிருந்தாள். கடுகுக்கீரை, முளைக்கீரை, கங்கோங், வேலியில் பயற்றங்கொடி, ஓரமாக நாலைந்து கத்திரிச் செடி. வேலை முடிந்து வந்து குளித்து, ஒரு வாய்ச் சோறு போட்டுக்கொண்டவுடன் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. "கடையில விக்கிற கீரையில என்னத்த அடிச்சிருக்கானோ, எவன் கண்டான்" என்பாள். அது அவளுக்குத்தான் தெரியும். அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவள்.

செம்பனை மரத்தைச் சுற்றி முளைக்கும் புல்லைக் கருக்க அடிக்கிற மருந்து அது. முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டு, மறு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்க வேண்டும். மூடி சரியாக மூடாத தோம்பு என்றால் மருந்து முதுகில் இறங்கும். அம்மாவின் விரல் நகங்கள் மஞ்சள் பூத்து நெளிந்திருக்கும். சில நாள் மூக்கில் இரத்தம் வரும். "சூடுடி" என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொள்வாள்.

மாசமான பிறகு அவள் மண்டோரிடம் போய், காட்டில் சிதறிக் கிடக்கும் செம்பனைப் பழம் பொறுக்குகிற வேலைக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாள். நானும் கூடவே போயிருந்தேன். "ஆள் பத்தல லா. அடுத்த மாசம் பாப்போம்" என்றார். அடுத்த மாசமும் அதையேதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார்.

புல் கருகுவது கொலையில் சேராதா என்று அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. வேலை வேறு, பாவம் வேறு என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் கீரைப் புழு வேலையில் சேராது. வீட்டுக் கீரையில் ஊர்கிற புழுவை அம்மா நசுக்கினால் அது பிள்ளையைத் தாக்கும் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றாள்.

"அப்ப யாரு அண்ணி பொறுக்குறது?" என்றாள் அம்மா.

"இவ இருக்காள்ல. கொழுக்கட்ட மாதிரி நிக்கிறா. சின்னப் புள்ளைக்குப் பாவம் ஒட்டாது."

கொழுக்கட்டை என்றது கிண்டல். நான் அப்போது ஈர்க்குச்சி. எப்படியோ, உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது. கையில் ஒரு பிஸ்கட் டின், அதில் சோப்புத் தண்ணீர். இலையைத் திருப்பி, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் புழுவை இரண்டு விரலால் எடுத்து டின்னில் போட வேண்டும். முளைக்கீரையில் இலையைச் சுருட்டி நூல் கட்டி உள்ளே படுத்திருக்கும் ஒரு சோம்பேறிப் புழு. அதைப் பிரித்து எடுப்பது எனக்குப் பிடிக்கும். நான் டின்னில் போடும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பார்த்தாலும் தோஷமாம்.

அம்மா சும்மா இருக்கவில்லை. "கொல்லக்கூடாதுன்னுதானே சொன்னீங்க அண்ணி, வெரட்டக்கூடாதுன்னு சொல்லலையே" என்று அத்தையின் சட்டத்திலேயே ஒரு சந்து கண்டுபிடித்தாள்.

விறகடுப்புச் சாம்பலைச் சலித்து வைத்துக்கொண்டு, விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் முன் கீரையின் மேல் தூவுவாள். இலையில் பனி இருக்கும்போதே தூவ வேண்டும், காய்ந்த பிறகு தூவினால் ஒட்டாது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இவள் குனிந்த தலை நிமிராமல் தூவிக்கொண்டிருப்பாள். கோயில் வேப்பமரத்தில் கொத்து ஒடித்து வந்து கொதிக்க வைத்து ஆறவைப்பாள். பூண்டும் பச்சை மிளகாயும் அம்மியில் அரைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அப்பாவின் பழைய கைலித் துணியில் வடிகட்டி, அதில் துணி சோப்பைக் கொஞ்சம் சீவிப் போடுவாள்.

"சோப்பு எதுக்கும்மா? புழுவைக் குளிப்பாட்டவா?"

"வாயப் பாரு. சோப்பு இருந்தாத்தான் மருந்து இலையில நிக்கும். இல்லாட்டி வழுக்கிக்கிட்டு மண்ணுக்குப் போயிடும்."

முதல் தடவை மிளகாய் கூடிப்போய், அதையும் பட்டப்பகலில் தெளித்து, கடுகுக்கீரை முழுக்கக் கருகிப்போனது. அம்மா அன்று சாப்பிடவில்லை. அப்புறம்தான் வெயில் இறங்கினபிறகு தெளிக்க வேண்டும் என்று பிடிபட்டது. தெளிப்பதற்கு ஒரு மீன் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருந்தாள். தோட்டத்து ஸ்டோரில் பழைய மருந்துப் பம்பு கிடந்தது, கேட்டால் கொடுப்பார்கள். "அதுல என்னா இருந்துச்சோ, கழுவினாலும் போவாது" என்று தொடவே மாட்டாள்.

செடிப்பேனுக்குப் புகையிலைத் தண்ணீர் நல்லது என்று யாரோ சொன்னார்கள். புகையிலை வைத்திருந்தவள் அத்தை ஒருத்திதான். வெற்றிலையோடு போடுகிற புகையிலையில் கொஞ்சம் காம்பு கேட்டதற்கு அத்தை ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "எம் வாயில உள்ளதைப் புடுங்கிப் பூச்சிக்குக் குடுக்கப் பாக்குறியே" என்று லயமே கேட்கக் கத்தினாள். சாயங்காலம் ஒரு பொட்டலத்தைச் சுவரின் மேல் வழியாக எறிந்தாள். அதுதான் அத்தை. அந்தத் தண்ணீர் தெளித்த இலையைப் பல நாள் பறிக்கக்கூடாது என்று அம்மா பயற்றங்கொடியில் ஒரு துணியைக் கட்டிவைத்தாள்.

இவ்வளவும் செய்து என்ன? அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. புழு அப்பியது. சாம்பலைத் தூவினால் மழை கழுவிவிடும். வேப்பந்தண்ணியைத் தெளித்தால் மறுநாளும் மழை. காலையில் முழுசாக இருந்த இலை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் சல்லடையாகிவிடும். நான் டின் டின்னாகப் பொறுக்கினேன். பக்கத்து லயத்தில் ஒரு புழு கிடையாது. அங்கே எல்லாரும் ஸ்டோரிலிருந்து பூச்சி மருந்தைப் போத்தலில் கொண்டுவந்து அடித்தார்கள். அவர்கள் கீரை எண்ணெய் தடவினாற்போல் மினுமினுத்தது. எங்கள் கீரையைப் பள்ளிக்கூடத் தோழிகள் பார்த்துவிடக்கூடாதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவுக்கும் மனசு கேட்கவில்லை. மாசமாக இருக்கிற பெண் குனிந்து குனிந்து படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவரும் ஒரு போத்தல் கொண்டுவந்தார்.

"ரெண்டு மூடி ஊத்தி அடிச்சா முடிஞ்சி போச்சி. நீயும் ரெஸ்ட் எடுக்கலாம். பாரு அவனுங்க கீரைய. ஒங்கீரைய நாளைக்குப் புழுவே வேணாம்னு சொல்லிடும் லா."

அம்மா சிரிக்கவில்லை. போத்தலை வாங்கி மூடியைத் திறக்காமலே மோந்து பார்த்தாள்.

"இந்த வாடைய எனக்கா கொண்டாந்து காட்டுறீங்க? தெனம் எம் முதுகுல ஊறுது. எத்தனை சோப்பு போட்டாலும் போவல. வெளிய படுறதுக்கு நான் ஒன்னும் பண்ண முடியாது. வயித்துக்குள்ள போறதாச்சும் சுத்தமா போவட்டுங்க."

அப்பா போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஓட்டைக் கீரைப் பொரியலை இரண்டு தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இனி பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முடியவில்லை.

மருந்து அடிக்கிற பெண்களுக்குத் தோட்டத்தில் பால் உண்டு. வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு தூக்குவாளியில் வேலைக்காட்டுக்கே வரும். ஆளுக்கு ஒரு மங்குக் குவளை. உடம்பில் ஏறின மருந்தைப் பால் முறித்துவிடும் என்று துரை சொன்னார், ஆபீஸ் கிராணி சொன்னார், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொன்னார். பெண்களும் நம்பினார்கள். அதனால் மண்டோர் பார்க்க அங்கேயே குடித்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது என்பது கட்டளை.

பால் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது, அம்மாவின் கூடையில் சாப்பாட்டு மங்குக்கு அடியில் துணி சுற்றி ஒரு போத்தல் வரும் என்பது மட்டும்தான். அந்த வருஷத் தொடக்கத்தில் எனக்கு அம்மை வார்த்திருந்தது. எழுந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தேன். டிரஸ்ஸர் என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "பால் குடு, முட்டை குடு, இல்லாட்டி இவ தேற மாட்டா" என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? முட்டைக்குக் கோழி இருந்தது. பாலுக்கு அம்மா ஒரு வழி பண்ணினாள். மண்டோர் அடுத்த ஆளுக்கு ஊற்றத் திரும்புகிற நேரத்தில் மங்குப் பாலைப் போத்தலில் கவிழ்த்துவிடுவாள்.

"ஒனக்கும்மா?" என்று நான் முதல் நாளே கேட்டேன். அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

"எனக்கு வேணாம்டி. மாசமா இருக்கயில பால் வாடையே கொமட்டுது. நீ மடமடன்னு குடிச்சிடு. அத்தகிட்ட சொல்லாத. மண்டோருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன? வாந்தி எடுப்பதையும் பார்த்திருக்கிறேனே. வெயிலில் வந்த பால் லேசாகப் புளித்திருக்கும், மேலே ஆடை மிதக்கும். நான் மூக்கைச் சுளித்து அழிச்சாட்டியம் பண்ணுவேன். அம்மா வடிகட்டி, ஆற்றி, சீனி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்காருவாள். கடைசி மிடறு இறங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு காலிப் போத்தலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவாள். வெள்ளையாக ஒரு தண்ணீர் வரும். அதைக் கீழே ஊற்றாமல் குடித்துவிடுவாள். பால் வாடை குமட்டுகிறவள் அந்தத் தண்ணீரை மட்டும் ஏன் குடிக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்குச் சதை பிடித்தது. "பரவால்லையே, தேறிட்டாளே" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். கொழுக்கட்டை என்பது கிண்டலாக இல்லாமல் போனது. அம்மாவின் வயிறும் தெரிய ஆரம்பித்திருந்தது. தோம்பின் வாரை முன்னால் கட்ட முடியாமல் தோளோடு விட்டுவிட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது லயத்து வாசலில் லோரி நின்றது. குலை ஏற்றுகிற லோரிக்கு மத்தியானத்தில் இங்கே என்ன வேலை என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மாவைச் சாக்குப் படுதாவின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். கூட வேலை செய்த பெண் ஒருத்தி அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். கைலி முழுக்க இரத்தம். அத்தை பலகைச் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு லோரியில் ஏறினாள். நானும் தொற்றி ஏறினேன்; இறக்கிவிடப் பார்த்தார்கள், நான் இறங்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை. ஓர் அறையின் கதவை மூடினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழும் சத்தம் கேட்கும், கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. ஆண் பிள்ளை என்று அத்தை வெளியே வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார், காலெல்லாம் சேறு. அறைக்குள் போகக் கால் கழுவ வேண்டும் என்று குழாயடிக்குப் போனவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குழாய் பாட்டுக்குத் திறந்தே கிடந்தது.

என் தம்பியை எனக்குக் காட்டவில்லை. அவனுக்குப் பெயரும் வைக்கவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என்னை அம்மாவிடம் விட்டார்கள். கட்டிலில் சுருண்டு கிடந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரஸ்ஸர் மேசையில் சாய்ந்துகொண்டு, வாசலில் நின்ற மண்டோரைப் பார்த்து, "பால் ஒழுங்கா குடுத்தியா?" என்று கேட்டார்.

"குடுத்தேன் ஐயா. எங்கண்ணு முன்னாலதான் எல்லாரும் குடிப்பாங்க" என்றார் மண்டோர். அவர் முகம் வெளுத்திருந்தது.

டிரஸ்ஸர் அம்மாவிடம் திரும்பினார். "நீ தெனம் குடிச்சியாம்மா? மறைக்காம சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"குடிச்சேன் ஐயா. ஒரு நாளும் விட்டதில்ல."

"அப்ப மருந்தால இல்ல. பால் குடிச்சிருக்கியே, மருந்து முறிஞ்சிருக்கும். இது வேற என்னமோ" என்று டிரஸ்ஸர் முடித்துவிட்டார். மண்டோர் பெருமூச்சு விட்டார். மருந்தின் பேச்சு அத்தோடு போயிற்று. அதற்குப் பிறகு யாரும் அதை எடுக்கவே இல்லை.

அத்தை எடுத்தது வேறு பேச்சு. "அப்பன்னா அந்தப் புழுதான். நான் அடிச்சிக்கிட்டேனே, கேட்டீங்களா? எத்தனை உசுரு! யாரு கொன்னது? இவளா?" என்று என் பக்கம் திரும்பினாள். சின்னப் பிள்ளைக்குப் பாவம் ஒட்டாது என்று சொன்ன அதே வாய்தான். துக்கத்தில் அவளுக்கு யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. டின் டின்னாகக் கொன்றவள் நான்தானே.

"அவ இல்ல அண்ணி" என்றாள் அம்மா. குரலே எழும்பவில்லை. "அவ பள்ளிக்கூடம் போனப்ப நான்தான் நசுக்குனேன். ஒங்களுக்குத் தெரியாம."

அம்மா ஒரு புழுவையும் தொட்டதில்லை. எனக்குத் தெரியாதா? அத்தை அம்மாவை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, "அடிப் பாவி, அடிப் பாவி" என்று மெல்ல அழுதாள். அதற்குப் பிறகு பல வருஷம், எங்கே பேச்சு எழுந்தாலும், தம்பி பெண்டாட்டி புழுவை நசுக்கித்தான் பிள்ளை போனது என்று சொல்லுவாள். அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டாள். எனக்கு அத்தையின் மேல் பற்றிக்கொண்டு வரும்.

பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைத்துத் தேய்க்கிறவள் அம்மா. அப்படிப்பட்டவள் அன்று ஒரே மூச்சில் இரண்டு பொய் சொன்னாள். இரண்டும் என்னை ஏச்சிலிருந்து காப்பாற்றத்தான் என்று எனக்குப் புரிந்தது. ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைப்பு! அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் மண்டோர் வீட்டுக்கே வந்து, இனி அவள் பழம் பொறுக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதருக்கு அப்போது ஆள் கிடைத்துவிட்டது. மருந்து வேலை நின்றதால் பாலும் நின்றது. நான் தேறிவிட்டதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கீரைப் பாத்திக்கு அம்மா போவாள். போய் உட்காருவாள், அவ்வளவுதான். சாம்பல் இல்லை, வேப்பந்தண்ணி இல்லை. நான் டின்னை எடுத்துக்கொண்டு போனால், "விடுடி, தின்னட்டும். அதுக்கும் பசிக்கும்ல" என்பாள். புழுக்கள் சாவகாசமாக ஊர்ந்து தின்றன. நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகளை அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. அங்கே அவளுக்கு அழுகை வரும். எனக்கு அது கீரைக்காக அழுவதாகத் தோன்றியது. "வேற வெத போடலாம்மா" என்று ஆறுதல் சொன்னேன்.

பிறகு தோட்டத்தை விட்டு ரவாங் பட்டணத்துக்கு வந்தோம். நான் படித்து ஒரு தொழிற்சாலையில் அலுவலக வேலைக்குப் போனேன். அத்தையும் காலமாகிவிட்டாள். தொழிற்சாலையில் ஒருநாள் பாதுகாப்பு வகுப்பு என்று எல்லாரையும் உட்காரவைத்து, மருந்து, ரசாயனம், முதலுதவி என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை, புல்லுக்கு அடிக்கிற மருந்துக்கெல்லாம் பால் ஒன்றுமே செய்யாது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பால் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று நான் உட்கார்ந்து யோசித்தது அன்றுதான் முதல் தடவை. அம்மா என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததும், போத்தலைக் கழுவிக் குடித்ததும் ஏன் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. குமட்டலும் இல்லை, ஒன்றும் இல்லை. மருந்தை முறிக்கும் என்று அவள் நம்பிய பால் ஒரு மங்குதான் இருந்தது. வயிற்றில் ஒரு பிள்ளை, எதிரில் ஒரு பிள்ளை. அவள் தினமும் ஒன்றுக்குத்தான் கொடுக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். கடைக் கீரையை உப்புத் தண்ணியில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டென்று போட்டு உடைத்தேன்.

"அம்மா, தோட்டத்துல பால் குடுப்பாங்களே, அதுல ஒன்னுமே இல்லையாம்மா. மருந்தை அது முறிக்காதாம். நீ குடிச்சிருந்தாலும் தம்பி தங்கியிருக்க மாட்டான்."

அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. நான் இதைப் பற்றி வாய் திறப்பேன் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"படிச்சவங்கதாம்மா. நெசம்."

"பாலுக்கும் அதுக்கும் ஒன்னும் இல்லையா?"

"ஒன்னும் இல்லம்மா. சத்தியமா இல்ல."

தோட்டத்துக்காரர்களின் மேல் கோபப்படுவாள், இல்லை இத்தனை வருஷத்து அழுகையைச் சேர்த்து அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா, ஒனக்கு நிம்மதியா குடுத்திருப்பேனேடி" என்றாள்.